அஞ்சலையின் தொட்டியில் மஞ்சள் காளான்

செவ்வூரில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர்க் குழாய் திறக்கும். வீட்டுக்கு ஒன்பது லிட்டர். முதல் குவளை செத்தவர்களுக்கு. "அப்பாவுக்கு ஊத்தியாச்சா?", "பெரியத்தைக்கு இலை பழுக்குது பாரு, விளக்குப் பக்கம் நகத்தி வை" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும்.

செவ்வாயின் தரைக்கு நாற்பது மீட்டர் கீழே குடைந்த ஊர் அது. புதைக்க அங்கே மண் கிடையாது; மேலே கிடப்பது நச்சு உப்பு கலந்த சிவப்புத் தூள். எரிக்கலாம் என்றால் காற்றைச் செலவழிக்க முடியாது. அதனால் யார் இறந்தாலும் உடலை மட்குகலத்துக்குள் வைப்பார்கள். சோளத்தட்டையைப் பரப்பி, ஈரம் காட்டி, சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் நுண்ணுயிர்கள் நூறு நாளில் உடலைக் கரிய மண்ணாக்கிவிடும். அதில் ஒரு தொட்டி மண், ஒரு செடியோடு, வீட்டுக்கு வரும். மிச்சம் கீரைப் பாத்திக்குப் போகும். இறந்தவர் அலமாரியில் இலை விட்டுக்கொண்டு குடும்பத்தோடு இருப்பார்.

அன்று காலை அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றப் போன நீலவேணி, குவளையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். செடியின் தண்டைச் சுற்றி ஐந்து காளான்கள். எலுமிச்சை மஞ்சள். இரண்டு தீக்குச்சித் தலை அளவு, மூன்று குடை விரித்தவை. முதல் நாள் சாயங்காலம் பார்த்தபோது ஒன்றும் இல்லை.

தவறு அவளுடையதுதான். ஈரம் அதிகமானால் தொட்டி மண்ணில் காளான் வரும். அம்மா செத்து எட்டு மாதம் ஆகியும், தான் குடிக்க வேண்டிய தண்ணீரிலிருந்து இன்னொரு குவளையை அவள் தொட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். புதிதாகச் சாவு விழுந்த வீடுகளில்தான் காளான் அதிகம் முளைக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவள் வேலை. அவள் செவ்வூரின் மண்நல அலுவலர்.

காளான் முளைத்த தொட்டியை வறுகலத்தில் போட வேண்டும் என்பது விதி. காளானின் வித்துத்தூள் காற்றுக்குழாய்களை அடைத்துவிடும் என்று ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிவைத்தது. வறுகலத்துக்குள் மண் நானூறு டிகிரியில் ஆறு மணி நேரம் கிடக்கும். வெளியே வரும்போது செங்கல் பொடி. அதில் புல்கூட முளைக்காது. ஊர்க்காரர்கள் அதை மறுசாவு என்பார்கள். மூன்று வருடத்தில் நாற்பத்தோரு தொட்டிகளை நீலவேணி வறுகலத்துக்கு அனுப்பியிருக்கிறாள். தொட்டியைக் கட்டிப்பிடித்து அழுதவர்களிடம், "வெறும் மண்ணுதாங்க, குடுங்க" என்று கை நீட்டியிருக்கிறாள்.

ஐந்து காளானையும் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மறுநாள் ஏழு முளைத்திருந்தன.

அம்மா அஞ்சலை முப்பத்திரண்டு வருடம் மட்குகலத்தில் வேலை பார்த்தவள். பிணத்தைப் புரட்டி மண்ணாக்குகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் மகளைப் படிக்கவைத்தாள். மூன்றாம் அடுக்கில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நீலவேணி. பட்டமளிப்பு அன்றைக்கு அஞ்சலை நான்கு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்தும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். அப்படியும் கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அந்தக் கை இப்போது தொட்டியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் வறுகலத்தில் போட நீலவேணிக்கு மனம் வரவில்லை. சொல்லிக்கொள்ள வேறு காரணம் எதுவும் அவளிடம் இல்லை.

ஊரின் அடுக்கு விவரத்தையும் சொல்லிவிட வேண்டும். சாதி என்கிற சொல் செவ்வூர் சட்டப் புத்தகத்தில் ஒரு இடத்திலும் வராது. அதைப் பூமியிலேயே விட்டுவிட்டு வந்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்பதெல்லாம் முதல் கப்பலில் வந்தவர்கள் அவரவர் செய்த வேலையை ஒட்டி ஒதுக்கிய வீடுகள், அவ்வளவுதான். கல்யாணம் பேசும்போது மட்டும் "உங்க மண்வழி எது?" என்று கேட்டுக்கொள்வார்கள். மூன்று அடுக்குக்கும் தனித்தனி மட்குகலம். கேட்டால், குடும்ப நினைவு கலந்துவிடக் கூடாதே என்பார்கள். பூமியில் ஊருக்கு இரண்டு சுடுகாடு வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இங்கே மூன்று கலம் தேவைப்பட்டது.

ஐந்தாம் நாள் முதல் அடுக்கிலிருந்து நீலவேணிக்கு அழைப்பு வந்தது. சபைத் தலைவர் சத்தியசீலனின் வீடு. அவருடைய அப்பாவின் தொட்டியில் அதே மஞ்சள் காளான்.

"வாங்க மேடம். அங்கயே நில்லுங்க, வாசல்லதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்று சொல்லித் தொட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

நீலவேணி குனிந்து பார்த்தாள். "தொட்டிய எடுத்துட்டுப் போகணும் சார்."

"விதி எனக்குத் தெரியாதா? ஆனா இது எங்கப்பா மேடம்."

"நான் எடுத்துட்டுப் போன தொட்டி எல்லாமே யாரோட அப்பாவோ அம்மாவோதான் சார்." சொல்லும்போதே அவளுக்குக் கூசியது. சட்டைப் பைக்குள் அன்றைக்குக் கிள்ளிய காளான்கள் இருந்தன.

"அறுபது வருஷத்துல முதல் அடுக்குல ஒரு காளான் வந்ததில்ல. இது வெளியிலேர்ந்து தொத்தியிருக்கு."

வந்ததில்லையா, வந்ததை யாரும் சொன்னதில்லையா என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. சொல்லாமல் மறைப்பவர்களில் அவளும் ஒருத்தி.

"வெளியிலேர்ந்துன்னா எங்கேருந்து சார்?"

"உங்க பக்கத்துலேருந்துதான். சுகாதாரத்தை வச்சுச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்கம்மா அங்க வேலை பார்த்தவங்கதானே, உங்களுக்கே தெரியும்."

மறுநாள் சபை கூடித் தீர்மானம் போட்டது. மூன்றாம் அடுக்கின் தொட்டிகள் அத்தனையும் வெள்ளிக்கிழமை வறுகலத்துக்குப் போக வேண்டும். முதல், இரண்டாம் அடுக்குத் தொட்டிகளில் காளானைக் கிள்ளி எறிந்தால் போதும். கீழே 'மண்நல அலுவலர்' என்று அச்சடித்துக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

நீலவேணி கையெழுத்துப் போடவில்லை. சத்தியசீலன் வீட்டிலிருந்து அன்று கிள்ளி எடுத்துவந்த காளானையும் தன் வீட்டுக் காளானையும் மரபணு படிக்கிற வாசிப்பானில் வைத்தாள். வித்துத்தூள் பறந்து வந்து தொற்றியிருந்தால் இரண்டும் தாயும் பிள்ளையும் போல இருக்கும். ஒத்துப்போகும், கொஞ்சம் வித்தியாசமும் காட்டும். வாசிப்பான் ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. இரண்டும் ஒரே உயிர். ஒரே பூஞ்சை இழை, அறுந்து இரண்டு தொட்டியில் கிடக்கிறது. அப்படி ஆக ஒரு வழிதான் உண்டு. மண்ணை யாரோ கையால் எடுத்து மண்ணோடு சேர்த்திருக்க வேண்டும்.

அவள் நேராக மட்குகலத்துக்குப் போனாள். அம்மாவோடு வேலை பார்த்த வீரணன் அங்கே சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணாங் கலத்து மண்ணும் மூணாங் கலத்து மண்ணும் எப்படிக் கலந்துச்சு?"

வீரணன் கத்தியைக் கீழே வைத்தார். "யாரு தாயி சொன்னா?"

"காளான் சொல்லுச்சு."

"பாரேன், அதுக்கு இருக்குற வாய!" சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவுங்க ஆளு யாரு செத்தாலும் ஒண்ணாங் கலத்த ஏழு தடவ பினாயில் ஊத்திக் கழுவணும் தாயி. சபை உத்தரவு. நாங்க கை வச்ச கலமில்லயா, அந்தத் தீட்டுப் போகணுமாம். பினாயில் ஊத்துன சட்டியில தயிர் உறையுமா? உள்ள இருக்குற பூச்சி புழு அம்புட்டும் செத்துப்போகும். அந்த உத்தரவு வந்த முதல் வருசம் ஒரு பெரிய மனுசன உள்ள வச்சோம். நாப்பது நாள் கழிச்சுத் திறந்தா, வச்சது வச்ச மாதிரி அப்படியே கிடக்காரு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. உங்கம்மா மூணாங் கலத்துலேருந்து ரெண்டு கைப்பிடி மண்ண அள்ளிட்டுப் போயி அதுல போட்டா. உறைமோர் ஊத்துற மாதிரி. பத்து நாள்ல கொதிக்குது கலம்! அதுலேருந்து எல்லாக் கலத்துக்கும் ஒரே உறைமண்ணுதான். இங்கிட்டு வெந்ததுல ஒரு பிடி அங்கிட்டு, அங்கிட்டு வெந்ததுல ஒரு பிடி இங்கிட்டு."

"ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா நம்மளக் கலத்துக்குள்ள போட்டுருப்பானுக. உங்கம்மாகிட்ட நானும் கேட்டேன். 'செத்தவங்க நல்லபடியா மண்ணாகணும்ண்ணே, நம்ம வேலை அதுதானே'ன்னா."

வியாழக்கிழமை ஊர்க்கூட்டத்தில் நீலவேணி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வாசிப்பான் காட்டிய கோடுகளைத் திரையில் போட்டாள். பினாயிலைச் சொன்னாள், உறைமண்ணைச் சொன்னாள். தன் வீட்டுத் தொட்டியில் காளான் வந்ததையும் பத்து நாளாக மறைத்ததையும்கூடச் சொன்னாள்.

"படிச்ச திமிருல பேசறா" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"ஆமாங்க, படிச்சதாலதான் இத வாசிக்கத் தெரிஞ்சுது. எங்கம்மா தொட்டியில தலைவரோட அப்பா இருக்காரு. அவருக்கு முன்னாடி செத்தவங்களும் இருக்காங்க. உங்க தொட்டியில எங்க ஆளுங்க இருக்காங்க. வறுத்தா எல்லாத்தையும் வறுக்கணும். இல்லன்னா எதையும் தொடக் கூடாது."

சத்தியசீலன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அரை மணி நேரத்தில் மூன்றாம் அடுக்குத் தொட்டிகளைப் பற்றிய தீர்மானம் கைவிடப்பட்டது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நீலவேணி வீட்டுக்கு நடந்து போகும்போது அழுதுகொண்டே போனாள். சந்தோஷத்தில். ஆதாரத்தை முன்னால் வைத்தால் மனிதர்கள் புரிந்துகொள்வார்கள் என்று அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வறுகலத்தின் முன்னால் வரிசை நின்றது. முதல் அடுக்குக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் இரண்டாம் அடுக்குக்காரர்கள். ஆளுக்கொரு தொட்டி. மூக்கைத் துணியால் கட்டியிருந்தார்கள், கையுறை மாட்டியிருந்தார்கள். சிலர் தொட்டியைத் தொடாமல் தட்டில் வைத்து ஏந்தி வந்திருந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. அவர்களாகவே வந்தார்கள்.

வறுகலத்தின் கதவைத் திறந்து மூடுவது அலுவலரின் பொறுப்பு. நீலவேணி நின்று திறந்து திறந்து மூடினாள். அம்மா உறை போட்ட மண் தொட்டி தொட்டியாக உள்ளே போனது. வரிசையில் ஒரு பெண், நீலவேணியின் வயதுதான் இருக்கும், அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். நீலவேணிக்குத் தாங்கவில்லை. "வேணாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. உங்கம்மாதானே?"

"நேத்து வரைக்கும்" என்றாள் அந்தப் பெண். தொட்டியை உள்ளே கவிழ்த்தாள்.

மூன்று நாளில் இரண்டு அடுக்கிலும் அலமாரிகள் காலியாகிவிட்டன. கீரைப் பாத்தியை மட்டும் யாரும் தொடவில்லை. சாப்பிட வேண்டுமே. மூன்றாம் அடுக்குத் தொட்டிகளையும் யாரும் கேட்டு வரவில்லை. அவர்கள் மண் அவர்களிடமே இருக்கட்டும், அதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது. அஞ்சலை தப்பித்தாள். மகள் சொன்ன எந்த ஆதாரமும் அவளைக் காப்பாற்றவில்லை.

நாற்பது நாள் கழித்து, ஒரு மத்தியான நேரம், சத்தியசீலன் நீலவேணியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூன்றாம் அடுக்குக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா, நீளமான கரண்டி. ஆள் இளைத்திருந்தார்.

"உள்ள வாங்க சார்."

"இல்லம்மா, இங்கயே நிக்கறேன்." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாளைக்கு அப்பாவுக்கு ஆண்டு நாள். அலமாரி காலியா இருக்கு. படையல எதுக்கு முன்னாடி வைக்கறதுன்னு தெரியல."

"கீரைப் பாத்தியில ஒரு பிடி அள்ளிக்க வேண்டியதுதானே சார்?"

"கீரைப் பாத்திய எப்படிம்மா கும்பிடறது?" அவர் குரல் உடைந்தது. "அன்னிக்கு நீதானே சொன்ன, உங்கம்மா தொட்டியில எங்கப்பா இருக்காருன்னு. ஒரு கைப்பிடி போதும். காலையில எழுந்ததும் கை தானா குவளையத் தேடுதும்மா. ஊத்தறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவர் பொய் அழுகை அழவில்லை. நீலவேணிக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த நிமிடம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்பாவைத் தன் கையாலேயே வறுத்துவிட்டு நிற்கிற ஒரு மனிதர். அவள் உள்ளே போய் அம்மாவின் தொட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். செடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்து, மறு கையால் மண்ணை அள்ளினாள். ஈரமாக, கறுப்பாக, விரலிடுக்கில் வெள்ளை இழைகளோடு வந்தது. நீட்டினாள்.

சத்தியசீலன் டப்பாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்மா. கோவிச்சுக்காத." கரண்டியால் தொட்டியைச் சுட்டினார். "உங்கம்மா படாத பக்கமாப் பார்த்து எடுத்துக் குடு."

நீலவேணி அள்ளிய மண்ணை மறுபடி தொட்டியிலேயே போட்டாள். தொட்டியை அவர் காலடியில், வாசல்படியில், இறக்கி வைத்தாள்.

"நீங்களே பார்த்து எடுத்துக்குங்க சார்."

அவர் உண்மையிலேயே குந்தி உட்கார்ந்தார். கரண்டியை மண்ணுக்கு மேலே ஒரு அங்குலம் உயரத்தில் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் குனிந்து பார்த்தார், அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.