முகம் வராத படம்

புயல் எச்சரிக்கையால் நான்கு நாட்களாகத் தோணிரேவு மீனவர் குப்பத்தில் ஒரு படகும் ஏரிக்குள் இறங்கவில்லை. ஆனாலும் குடத்து நீரோடு சந்து திரும்பிய ஜமுனாவுக்குத் தன் வீட்டுப் பின்கட்டிலிருந்து யாரோ செதில் சீவும் சத்தம் கேட்டது. பெரிய மீனுக்கு, வாலிலிருந்து தலைப்பக்கமாக, அவசரமில்லாமல் இழுக்கும் நீளமான இழுப்பு.

வாசலில் கறுப்பு ஷூ கிடந்தது. மோகன்குமாருடையது.

தோல் நோய் ஆராய்ச்சிக்கு வந்த டாக்டர் அவர். ஆறு மாதத்துக்கு முன், பொருக்குப் பொருக்காக உதிரும் அவள் முதுகைப் படமெடுத்தார். "முகம் வராதுக்கா, ஆராய்ச்சிக்கு மட்டும்தான்" என்று கையெழுத்து வாங்கினார். முகம் வரவில்லைதான். தோளில் பச்சை குத்தியிருந்த புருஷன் வேணுவின் பெயர் வந்துவிட்டது. அந்தப் படம் எப்படியோ ஊரார் போன்களுக்கெல்லாம் போனது. மீன் ஏலம் விடும் இடத்தில் யாரோ அதை வேணுவிடமே பெரிதாக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

வேணு அவளை அடிக்கவில்லை. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். தாங்க முடியாமல் நேற்று அவள்தான் போன் செய்தாள். "ஒரு தபா வந்து, ஆராய்ச்சிக்குத்தான் எடுத்ததுன்னு அவராண்ட சொல்லிட்டுப் போங்க சார்."

உள்ளே போனாள். ஈர வலையின் உப்பு நாற்றத்துக்கு அடியில் வெதுவெதுப்பான வேறொரு வாடை, கையில் பிடித்த பழைய இரும்பைப் போல, தொண்டைவரை ஏறியது.

"இன்னாய்யா, யாரு வந்துகீறாங்க?"

சத்தம் நின்றது.

"டாக்டர் வந்துகீறாரு." வேணுவின் குரலில் கோபமே இல்லை. "டீ போடு."

மறுபடி இழுப்பு.

பின்கட்டுக் கதவைத் தள்ளினாள்.

வலைமேல் குப்புறக் கிடந்தார் மோகன்குமார். வாயில் வலைத்துண்டு. கைகளில் கயிற்றுக் கட்டு. இடுப்பின்மேல் வேணுவின் முழங்கால். கழுத்திலிருந்து இடுப்புவரை தோல் இல்லை. சிவப்பு. சிவப்புக்குள் வெள்ளையாக ஏதோ. அது மூச்சோடு ஏறி இறங்கியது.

கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது.

"வுட்டுடுய்யா... நான்தான் வரச் சொன்னேன்."

"சொன்னாரு."

வேணு எழுந்தான். அவளைத் தாண்டிப் போய்க் கதவைத் தாழிட்டான். அவள் இடுப்பிலிருந்த குடத்தைப் பதமாக வாங்கி, கத்தியில் ஊற்றிக் கழுவினான். சலதாரையில் நீர் சிவந்து ஓடியது.

"ஜாக்கெட்ட கழட்டு. எம் பேரு மட்டும்தான். சீக்கிரம் முடிஞ்சிடும்."

பின்கட்டுச் சுவர் தாழ்வு. ஏறிக் குதித்துவிடலாம். காலை எடுத்தாள்.

வரவில்லை.

குனிந்து பார்த்தாள். கட்டு அவிழ்ந்த ஒரு கையால் மோகன்குமார் அவள் கணுக்காலைப் பிடித்திருந்தார். பலம் முழுவதும் அந்த விரல்களில் இருந்தது. உதறினாள். மிதித்தாள். அவர் விடவில்லை.

வேணுவின் ஈரக்கை தோளில் விழுந்தது.

கணுக்காலில் விரல்கள் இன்னும் இறுகின.