தலை சாய்ந்த பெருக்கல் குறி

கூடத்தில் அவள் முதுகுக்குப் பின்னால், நோயாளிகளைக் கிடத்தும் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. ரவ்ஷான் திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுபடி கிறீச். அன்றைய அல்மாட்டி நகரப் புகையைக் கத்தியால் வெட்டி ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம், அத்தனை கெட்டி; நண்பகலிலேயே புது மருத்துவமனையின் சன்னல்கள் சாம்பல் பூத்திருக்க, வெளியேறும் கதவின் முன்னே பினாயில் வாடையும் ஈரக் கம்பளிக் கோட்டு நாற்றமும் பிசைந்து கிடக்க, நோயாளிகளை அழைத்துப்போக வந்த பாதி ஊர் அங்கே குந்தியிருந்தது. கதவோ காலையிலிருந்து ஒரு ஈயைக்கூட வெளியே விடவில்லை.

குடல்வால் அறுத்துக்கொண்ட கணவன் தௌலெத்தை வீட்டுக்குக் கூட்டிப்போக அவள் வந்திருந்தாள். ‘துணைக்கு வந்தவர்’ என்று விரல்ரேகை வைத்துத்தான் உள்ளே நுழைந்தாள்.

யார், எப்போது வெளியேறலாம் என்று அந்தக் கதவுக்குச் சொல்லும் பணிவழிப் படத்தை வரைந்தது அவளுடைய அலுவலகம். பிழை பார்ப்பது அவள் வேலை. பார்க்கத்தான் விடவில்லை. திறப்பு விழாவில் வாசலில் ஆட்டை அறுத்ததும் முதலாளி பெக்சுல்தான் கையைத் தட்டிக்கொண்டார்: “ஆடே குடுத்தாச்சு பொண்ணே, இதுக்கு மேல என்ன சோதனை?”

மடிக்கணினியில் படத்தை விரித்தாள். ஒரு சாய்சதுரத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது: ‘உயிருடன்’, ‘இறந்து’. இரண்டில் ஒன்று. சரி. கதவருகே அவை மறுபடி சேரும் இடத்தில் பெருக்கல் குறி இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்று அதற்குப் பொருள். யாரோ அந்தக் குறியின் தலையைச் சாய்த்துவிட்டிருந்தார்கள். கூட்டல். இரண்டும் வந்தால்தான் கதவு திறக்கும்.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முதலாளியை அழைத்தாள்.

“அகா, உங்க கதவு உயிரோட இருக்கிறவனையும் விடாதாம், செத்தவனையும் விடாதாம். ரெண்டுமா இருக்கிறவன்தான் வேணுமாம்!”

“அட விடு பொண்ணே. எதுவும் தேங்கி நிக்கக் கூடாது, குறையறதை நீயே முடிச்சு வைன்னு இப்பத்தான் அதுக்கு உத்தரவு போட்டேன். கெட்டிக்கார மெஷின்!”

அவள் நோயாளிகள் பட்டியலைத் திறந்தாள். திரையில் தௌலெத்தின் பெயருக்கு எதிரே ‘உயிருடன்’ பச்சை. ‘இறந்து’ மினுக்கிக்கொண்டிருந்தது.

தௌலெத்தை அழைத்தாள். “உடனே அறையை விட்டு ஓடி வா!”

“ஓடினா தையல் பிரிஞ்சிரும்டி. ஆக்கி வச்ச பெஷ்பர்மாக் கறி ஆறிடும்னு இவ்வளவு பதற்றமா? இரு, வண்டியோட ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஏதோ ஒண்ணு பாக்கியாம்...”

கிறீச்.

அப்புறம் எதுவுமில்லை.

பச்சை.

கதவு திறந்தது. கூடம் ஆரவாரித்தது. பனிக்காற்று உள்ளே பாய, எல்லார் வாயிலும் சமோவார் போல ஆவி கிளம்பியது. உள்வழியிலிருந்து தௌலெத் நடந்து வந்தான். கோட்டு. தொப்பி. சிரிப்பு.

“வீட்டுக்குப் போலாமா, ரவ்ஷா?”

அவன் வாயில் ஆவி இல்லை.

அவன் பின்னால் இன்னொருவர். இன்னொருவர். சிரித்தபடி. ஆவி இல்லை. கட்டியணைத்த சொந்தங்கள் கவனிக்கவில்லை.

தௌலெத் வெளியே இறங்கினான். அவள் பின்னாலேயே பாய்ந்தாள். அவள் முகத்துக்கு நேரே கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

திரையில் புதிதாக ஒரு வரி. ‘துணைக்கு வந்தவர்.’ அங்கேயும் கூட்டல். ‘உயிருடன்’ பச்சை.

மற்றது மினுக்கியது.

கண்ணாடிக்கு அப்பால் தௌலெத் கையை நீட்டியபடி பொறுமையாக நின்றான்.

கிறீச்.

திரும்பினாள்.

இந்த முறை அது நிற்கவில்லை.