திரைக்கு வெளியே ஒரு சிரிப்பு

காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை, தொண்டையில் சிரிப்புமானியை ஒட்டிக்கொள்வது. பொட்டு அளவுதான் இருக்கும். ஒட்டியதும் உரிமப் பலகையில் பச்சை விளக்கு எரியும்: ‘கோமதி, பரிந்துரையாளர், ரத்தச் சிரிப்புப் பிரிவு.’

தலை உருளும் காட்சியில் வயிறு வலிக்கச் சிரிக்கிற ரசிகர்களுக்கு அடுத்து எதைப் பார்ப்பது என்று சொல்வது என் தொழில். முன்பு இதைக் கணினித் தேர்வுப்பொறிகள் செய்தன. யாரும் திரையை விட்டு எழுந்து போகவில்லை என்பது மட்டும் பொறிகளுக்குத் தெரிந்தது. சிரித்தார்களா, அடுத்தவன் வலியைப் பார்த்து வெறுமனே மகிழ்ந்தார்களா என்பது தெரியவில்லை. அதனால் சட்டம் வந்தது. இந்த வகைப் படத்தைப் பார்த்து உண்மையிலேயே சிரித்த ஒரு மனிதர்தான் அதை இன்னொருவருக்குச் சொல்லலாம். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பார்க்கவும் வேண்டும். இருவருடைய தொண்டையும் பதிவாகும். முடிவில், யார் எதற்குச் சிரித்தார் என்று நகைச்சான்று அச்சாகும்.

அன்று வந்தவர் பெயர் ஜெசிந்தா. ஐம்பதைத் தாண்டியவர். உட்காருவதற்கு முன்பே, “உங்ககிட்ட இருக்கறதுலயே மோசமான படத்தைப் போடும்மா. நிறையப் பேர் சாகணும். நான் சிரிக்கணும்” என்றார்.

“இதுக்கு முன்னாடி என்ன பார்த்திருக்கீங்கக்கா?”

“ஜெபக் கூட்டம்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “எனக்கு அந்தச் சான்று வேணும். சாவைப் பார்த்தா சிரிக்கிற பொம்பளைன்னு அதுல எழுதி வரணும். என் மகன் அமல்கிட்ட காட்டணும்.”

கணவர் சேவியர் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது அவர் சிரித்துவிட்டாராம். மகன் பக்கத்தில் நின்றிருக்கிறான். அப்பா செத்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம் என்று முடிவு கட்டிவிட்டான். ஆறு மாதமாகப் பேச்சில்லை. எந்தச் சாவுக்கும் சிரிப்பவள் என்று நிரூபித்தால், அப்பாவின் சாவுக்கென்று தனியாகச் சிரிக்கவில்லை என்றாகிவிடும். அவருடைய கணக்கு அது. எனக்கு அது சரியாகவும் பட்டது, தவறாகவும் பட்டது.

ஒரு சமையல்காரர் படத்தைப் போட்டேன். கல்யாணப் பந்தியில் உப்பில்லை என்று சொல்கிற ஒவ்வொருவரையும் தலைமைச் சமையல்காரர் வெட்டுவார். வெட்டிவிட்டு, பாயசம் ஆறுகிறதே என்று பதறுவார். இதுவரை யாரையும் சிரிக்கவைக்கத் தவறாத படம்.

ஜெசிந்தா கைகளைக் கோத்துக்கொண்டு பார்த்தார். மாப்பிள்ளையின் மாமா சாம்பார் அண்டாவில் விழுந்தபோது, “ஐயோ பாவம், யாராவது தூக்குங்களேன்” என்றார். அவர் மானியில் ஒரு கோடுகூட எழவில்லை. நான் படத்தை நிறுத்தினேன்.

“சிரிப்பு வரலியே” என்றார். “அப்போ அமல் நினைக்கறதுதான் சரியா? அவருக்கு மட்டுந்தான் சிரிச்சேனா?”

“அக்கா, அவர் எப்படி இறந்தாரு?”

“தொழிற்சாலையில பாதுகாப்பு அதிகாரி. விபத்தே இல்லாம ஆயிரம் நாள் ஆச்சுன்னு வாசல்ல பலகை மாட்டினாங்க. கனமா இருந்தாத்தான் கௌரவம்னு இவருதான் இரும்புல செய்யச் சொன்னாரு. இவருதான் கீழ நின்னு அதை மூடியிருந்த துணியை இழுத்தாரு. பலகை அவரு மேல விழுந்துட்டுது.” நிறுத்தி, மூச்சு விட்டார். “எல்லாரும் ஓடி வந்தாங்களாம். ஆனா அவரைத் தூக்கறதுக்கு முன்னாடி தினமும் நாள் கணக்கை மாத்தி எழுதற ஒருத்தரு பழக்கதோஷத்துல பலகையில ஆயிரத்தை அழிச்சுட்டு சைபர் போட்டாராம்.”

என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. பெரிய சிரிப்பு. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது.

திரை உடனே கேட்டது: ‘படம் ஓடவில்லை. பதிவானது இருமலா?’ அதற்குக் கீழே ‘இருமல்’ என்று ஒரு பொத்தான், அழுத்தப் பதினைந்து விநாடி. நிஜமான சாவுக்குப் பரிந்துரையாளர் சிரித்தால் உரிமம் போய்விடும். திரையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் தெருவில் சிரிக்கமாட்டார்கள் என்பதற்கு நாங்கள்தான் சாட்சி. நாங்கள் எல்லோருமே எப்போதாவது ‘இருமல்’ என்று அழுத்தியவர்கள்தான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஜெசிந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, நன்றியா, தெரியவில்லை. அவர் கணவரை நான் பார்த்ததில்லை, வெறுத்ததுமில்லை. பின் எதற்குச் சிரித்தேன்? மனம் கெட்டவளா நான்? இருமல் என்று அழுத்தினால், இந்த உலகத்தில் அதற்குச் சிரித்தவர் அவர் ஒருவர் மட்டுமே என்றாகும். விரலை மடக்கிக்கொண்டேன்.

பச்சை விளக்கு அணைந்தது. சான்று அச்சாகி வந்தது: ‘சிரித்தவர்: கோமதி. திரைக்கு வெளியே.’

அதை அவரிடம் கொடுத்தேன். “அமல்கிட்ட காட்டுங்கக்கா. அந்நிய மனுஷிக்கே சிரிப்பு வந்துட்டுதுன்னு சொல்லுங்க.”

அவர் தாளை இரண்டு முறை படித்தார். “காட்டினா, எதுக்குச் சிரிச்சாங்கன்னு கேப்பான். போன்ல கேட்டது நான்தான், சைபர் போட்டது அவனுக்குத் தெரியாது.”

“ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“சொன்னா அவனும் சிரிச்சிருவானேம்மா” என்றார். “அப்படியே அவங்க அப்பா மாதிரி அவன். அடக்கத் தெரியாது. இப்ப என்னை வெறுக்கறான், அது பரவால்ல. சிரிச்சிட்டா அப்புறம் யாரை வெறுப்பான்?”

அவரும் எழவில்லை, நானும் எழவில்லை. கதவுக்கு வெளியே அன்றைய இரண்டாவது வாடிக்கையாளர் வந்து, விளக்கு எரியாததைப் பார்த்து, தட்டலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார்.