கர்டோக்கின்ர கடைசி அதிகாரம் எங்கை போச்சு?

"நீ மட்டும்தானேடா உள்ளுக்கை இருந்தனீ! பேந்து ஆர் எடுத்தது, பேயோ?"

நிஷான் இப்பிடிக் கத்தினவுடன அனுஜன் நேர கதவடிக்குப் போய் சப்பாத்தைப் போடத் தொடங்கிட்டான்.

"கள்ளன் எண்டால் கள்ளனாவே இருந்திட்டுப் போறன். இனி இந்தப் பக்கம் வரமாட்டன்."

ஓம், அந்தப் புத்தகம்தான். கர்டோக் புத்தகம். மேசையில கறுப்புப் பையுக்கை இருந்தது. இப்ப புத்தகமும் இல்லை, பையும் இல்லை.

2006, மாசி மாசம், சனிக்கிழமை பின்னேரம். மொன்றியல், லாசாலில நிஷான்ர அப்பாட்மென்ட், மூண்டாம் மாடி. வெளியால முழங்கால் அளவு ஸ்னோ.

கர்டோக்கைத் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். வாளோட திரியிற காட்டு வீரன். மந்திரவாதியளை வெட்டுறதுதான் தொழில். அமெரிக்காக்காரர் ஒராள் அந்தக் காலத்தில எழுதினது. நானும் நிஷானும் அனுஜனும் பள்ளிக்கூட லைபிரரியில பிரெஞ்சில வாசிச்சு வாசிச்சு அந்தப் புத்தகங்களின்ர பைண்டிங்கே கழண்டுபோச்சு. எழுதின மனுசன் இடையில செத்துப்போனார். கதை அந்தரத்தில நிண்டிட்டுது. ஆனா றஷ்யாவில, சோவியத் உடைஞ்ச பிறகு, ஒருத்தரிட்டையும் கேக்காமல் அங்கத்தை ஆக்களே தொடர்ச்சி எழுதித் தள்ளிப்போட்டினம்! ஒண்டும் வேற பாஷையில வரேல்லை. எங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லுங்கோ?

அதில ஒண்டு கணேசலிங்கம் அண்ணையிட்டை இருந்தது. அவர் எண்பதுகளில மொஸ்கோவில எஞ்சினியரிங் படிச்சு, சோவியத் உடைஞ்ச பிறகும் கொஞ்சக் காலம் அங்கை இருந்தவர். இப்ப சென்ட் லோரன்டில ஒரு ஃபக்டரியில மெஷின் திருத்திறார், தனி ஆள். எங்களைவிட இருவது வயசு கூட, ஆனா "அங்கிள்" எண்டால் கோவம் வரும். அதால அண்ணை. அந்த வின்டர் முழுக்க சனிக்கிழமை சனிக்கிழமை வந்து ஒவ்வொரு அதிகாரமாத் தமிழில சொல்லுவார். எவ்வளவு கழுவினாலும் அவற்ற விரலில மெஷின் எண்ணெய் போகாது. புரட்டிற பக்கம் எல்லாத்தின்ர ஓரத்திலயும் பெருவிரல் அடையாளம் கறுப்பா இருக்கும்.

சொல்லுவார் பாருங்கோ, ஐயோ! போன கிழமை ஒரு இடம். கர்டோக் குதிரையில ஏறி கோட்டை வாசலால வெளிக்கிடுறான். வாசலில இருந்த கிழவி "எங்கை போறாய்?" எண்டு கேட்டிட்டா. கர்டோக் அப்பிடியே இறங்கி, உள்ளுக்கை வந்து இருந்து, தண்ணி குடிச்சிட்டுத் திரும்ப வெளிக்கிடுறான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கை பாலம் இடிஞ்சு விழுந்திட்டுது! நேர போயிருந்தால் ஆள் முடிஞ்சுது. நாங்கள் எழும்பி நிண்டு கை தட்டினனாங்கள். "இன்னும் ஒரு அதிகாரம்தான் கிடக்கு" எண்டார் அண்ணை.

சரி, களவுக்கு வாறன்.

மூண்டு மணிபோல ஆர்த்திகா ஃபோன் எடுத்தாள். அவள் ஃபார்மசியில வேலை. எங்கட கூட்டத்தில மூளை உள்ள ஒரே ஆள் தான்தான் எண்டு அவளே சொல்லித் திரியிறவள்.

"என்னோட வேலை செய்யிற இரீனாவைக் கூட்டிக்கொண்டு வாறன். அவள் சின்னனில உந்த றஷ்யன் கர்டோக் எல்லாம் வாசிச்சவளாம். அண்ணையின்ர புத்தகத்தை ஒருக்காப் பாக்கோணுமாம்."

நான் எல்லாருக்கும் கத்திச் சொன்னன். எல்லாருக்கும் சந்தோசத்தில புழுகம். அண்ணை "ஓ... நல்லது" எண்டார்.

கொஞ்சத்தால திரும்ப ஃபோன். கார் கீழ ரோட்டில ஸ்னோவுக்கை புதைஞ்சிட்டுதாம். நான், நிஷான், அண்ணை மூண்டு பேரும் ஓடினம். அனுஜன் தாயோட ஃபோனில கதைச்சுக்கொண்டு மேலயே நிண்டிட்டான். பாதிப் படியில அண்ணை, "ஸ்னோ வெட்டுற சவள் எடுத்துக்கொண்டு வாறன்" எண்டு திரும்பி ஏறினார். சவளோட வந்தார், ஜக்கெட் சிப்பைக் கழுத்துமட்டும் இழுத்துக்கொண்டு. வெட்டி, தள்ளி, காரை எடுத்து, அஞ்சு பேருமா மேல வந்தம். ஜக்கெட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு தேத்தண்ணி ஊத்தினம். அண்ணை மட்டும் "குளிருது பிள்ளையள்" எண்டு போட்டபடியே ஹீட்டரடியில இருந்தார். நிஷான் மேசையைப் பாத்தான். புத்தகம் இல்லை.

அனுஜன்ர பையை நிஷான் கொட்டிப் பாத்தான். சோஃபாவைப் புரட்டினம். கட்டிலுக்குக் கீழ, குளிர்பெட்டிக்குள்ளையும் பாத்தம். இல்லை. போன கிழமை அனுஜன் ஸ்கான் பண்ணித் தாறன் எண்டு புத்தகத்தைக் கேட்டவன், அண்ணை குடுக்கேல்லை. அதுதான் நிஷானுக்கு அவனில சந்தேகம்.

"பல்கனியால ஆருக்கோ எறிஞ்சிருப்பாய்!"

"விடுங்கோ பிள்ளையள், புத்தகம்தானே" எண்டார் அண்ணை. ஹீட்டரடியில இருந்து முகமெல்லாம் வேர்த்திருந்தது.

ஆர்த்திகா கதவுக்குக் குறுக்கால போய் நிண்டாள்.

"அனுஜன், ஒரு சப்பாத்தோட நில்லு. நீ ஃபோனில எங்கை நிண்டு கதைச்சனீ?"

"குசினியில."

"ஆரும் உள்ளுக்கை வந்தவையோ?"

"கதவுச் சத்தம் கேட்டது. நீங்களெண்டு நினைச்சன்."

"நிஷான், பல்கனிக் கதவைத் திற பாப்பம்."

நிஷான் இழுத்தான். ஐஸ் பிடிச்சு அசையவே இல்லை. "சரி, அது இல்லை" எண்டு முணுமுணுத்தான்.

ஆர்த்திகா என்னட்டைத் திரும்பினாள். "போன கிழமை படம் எடுத்தனீயெல்லே? கமராவைத் தா."

குடுத்தன். அண்ணை சிரிக்கிறார், மூடின புத்தகம் மடியில. பக்கங்களின்ர ஓரம் பாதி கறுப்பு, பாதி பால் வெள்ளை. எனக்கு அதில ஒண்டும் விளங்கேல்லை. அவள் கனநேரம் பாத்தாள். பேந்து இரீனாவைப் பாத்துப் பிரெஞ்சில கேட்டாள்:

"உங்கட கர்டோக் சண்டைக்கு வெளிக்கிடேக்கை ஒரு கிழவி 'எங்கை போறாய்' எண்டு கேட்டால் என்ன செய்வான்?"

இரீனா யோசிக்கவே இல்லை. "தலையை வெட்டுவான்."

நாங்கள் எல்லாரும் சிரிச்சம். அண்ணை சிரிக்கேல்லை.

"திரும்பி வந்து இருந்து தண்ணி குடிக்கமாட்டானோ?"

"எதுக்கு?"

"அதுதானே. எதுக்கு? கர்டோக் காட்டுமிராண்டி. அவனுக்கு ஆர் சகுனம் பாக்கச் சொல்லிக் குடுத்தது? எங்கட வீடுகளில அம்மாமார் செய்யிறதைக் கர்டோக் செய்யிறான், நாங்கள் மாடு மாதிரித் தலையாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறம். எங்களுக்கு அது புதினமாவே படேல்லை." கமராவைத் தூக்கிக் காட்டினாள். "கடைசிக்கு முதல் அதிகாரம் முடிஞ்ச அண்டைக்கு எடுத்த படம். ஆனா எண்ணெய் பாதியோட நிக்குது. மிச்சப் பாதியை ஒருத்தரும் புரட்டேல்லை. பேந்து அந்தக் கதையெல்லாம் எங்கையிருந்து வந்தது? றஷ்யன் வாசிக்கத் தெரிஞ்ச ஒராள் வாறா எண்டு கேட்டு ஆருக்குப் பயம் வந்தது? சவள் எடுக்கத் திரும்பி வந்தது ஆர்? அனுஜன்ர பையைக் கொட்டிப் பாத்தம், களவு குடுத்த ஆளின்ர ஜக்கெட்டை ஆரும் தடவினமோ?" குரலைக் குறைச்சாள். "அண்ணை, சிப்பைத் திறவுங்கோ. வேர்த்து ஊத்துது."

அண்ணை திறந்தார். கறுப்புப் பை.

"தம்பி அனுஜன்... உன்னைச் சொல்லுவாங்கள் எண்டு நான் நினைக்கேல்லையடா. நிஷான் கத்தினவுடன சொல்ல வாய் வரேல்லை. மன்னிச்சுக்கொள்."

இரீனா புத்தகத்தை வாங்கி நடுவுக்கை விரிச்சு வாசிச்சாள். "இதில கர்டோக் சதுப்பு நிலத்தில காய்ச்சல் வந்து சாகிறான்" எண்டாள். "மிச்சப் பாதி வேற ஆரோ ஒருத்தன்ர கதை."

"காய்ச்சலோ!" நிஷான் தலையில கை வைச்சான்.

"அதைத்தான் எப்பிடிச் சொல்லுறது?" எண்டார் அண்ணை. "மார்கழியில, நத்தாருக்கு முதலே செத்திட்டான். செத்திட்டான் எண்டு சொன்னால் அடுத்த சனிக்கிழமை நீங்கள் ஏன் வரப்போறியள்? புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு என்ர பாட்டில சொன்னன்."

ஆர்த்திகா அதைப் பிரெஞ்சில சொல்ல, இரீனா சிரிச்சாள். "எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் நடந்தது எண்டு கேள்விப்பட்டனான். மொழிபெயர்க்கப் புத்தகம் முடிஞ்சுபோன ஆக்கள், தாங்களே எழுதி, வெள்ளைக்காரப் பேர் ஒண்டைப் போட்டு வித்தவை. நீங்களும் அவையளில ஒராள், மொன்றியலில!"

எனக்கு உண்மையா அழுகை வந்திட்டுது. கோவத்தில இல்லை. பாலம் இடிஞ்சது, பாம்பு ராணி, கண்ணாடிக் கோட்டை, எல்லாம் எங்கட அண்ணை! நாள் முழுக்க மெஷினோட மாரடிச்சுப்போட்டு, எங்களுக்காக யோசிச்சுக்கொண்டு வந்திருக்கிறார். எத்தினை பேருக்கு அப்பிடி ஒராள் கிடைக்கும்? அண்ணை, இதை வாசிச்சால், நன்றி. நூறு தரம் நன்றி.

நிஷான் அனுஜன்ர மற்றச் சப்பாத்தைக் கையில எடுத்து ஒளிச்சு வைச்சுக்கொண்டு, "மச்சான், நான் விசரன்" எண்டான்.

"அது தெரிஞ்ச விசயம்" எண்டான் அனுஜன். ஆனா வந்து இருக்கேல்லை, கதவடியிலயே நிண்டான். "கடைசி அதிகாரம் என்ன அண்ணை?"

அண்ணை புத்தகத்தை மேசையில வைச்சிட்டு வெறுங்கையோட சொன்னார். கர்டோக் மலை விளிம்பில நிக்கிறான். அவன்ர கூட்டாளி, ஊருக்கு முன்னால அவனைத் துரோகி எண்டு சொல்லிக் கல்லெறியப் பண்ணினவன், கீழ தொங்குறான். கர்டோக் பிடிச்சிருக்கிற அந்த ஒரு கைதான் மிச்சம்.

"பேந்து?" எண்டான் அனுஜன்.

"அதுக்கு மேல என்னட்டை இல்லை. நீ சொல்லு தம்பி. இண்டைக்கு உனக்குத்தான் உரிமை."

அனுஜன் நிஷானைப் பாத்தான். கனநேரம் பாத்தான். நிஷான்ர முகம் சுண்டிப்போச்சு.

"விடட்டும்" எண்டான் அனுஜன்.

"டேய்!"

"சரி சரி, தூக்கட்டும். ஆனா கொஞ்ச நேரம் தொங்கவிட்டிட்டுத் தூக்கட்டும்."

கர்டோக் தூக்கினான். ஆர்த்திகா அது பிழை எண்டு இண்டைக்கும் சண்டை பிடிக்கிறாள், நான் சரி எண்டுதான் சொல்லுறன். நீங்கள் எண்டால் தூக்குவியளோ, விடுவியளோ? கெதியாச் சொல்லுங்கோவன்!