நாலாம் தொட்டியின் எச்சரிக்கை

நாலாம் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது என்று கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக ஒரு வரி விழுந்தது. மணி அடித்தது. அந்தத் தொட்டியில் மணலைக் கொட்டி மூடி ஒரு மாதமாகிறது. கம்ப்யூட்டரைக் கவனிக்கும் சிவசைலம் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டான்.

தொண்ணூற்றேழாம் வருஷத்து ஐப்பசி மழை தாமிரபரணிக் கரையையே கரைத்துக்கொண்டிருக்க, நூல் மில்லின் இரைச்சல் சுவர் வழியே அதிர, பஞ்சுத் தூசியும் சூடேறிய ஒயரும் நாறும் அந்த அறைக்குள் பாசி பிடித்த தண்ணீரின் வாடை எங்கிருந்தோ மெல்ல நுழைந்தது.

தொட்டி, மோட்டார், கொதிகலன் எதில் கோளாறு வந்தாலும் கம்ப்யூட்டர் தானாக எச்சரிக்கையைப் பதிந்து, கிட்டங்கியில் மூட்டை அடுக்குவதுபோல் வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்ளும். யாராவது தன் பெயரைத் தட்டி ‘பார்த்தாயிற்று’ என்று சொல்லும்வரை மணி ஓயாது. சொல்லிவிட்டால் வரி பச்சையாகிவிடும். அப்புறம் தண்ணீர் தலைக்கு மேல் போனாலும் சத்தம் வராது. பார்க்கிறவன் ஒழுங்காகப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான்.

போன மாதம் மேனேஜர் அம்மையப்பன் கதவிடுக்கில் தலையை நீட்டினார். “வே, மொதலாளி வாராரு. திரையில செவப்பு ஒண்ணுகூட இருக்கப்பிடாது.”

முதலாளி வரும்போதெல்லாம் நடக்கிற கூத்துதான். படித்துக்கூடப் பார்க்காமல் எல்லா வரிகளையும் மொத்தமாகப் பச்சையாக்கினான் சிவசைலம். அந்நேரம் மில் கூலியாள் முத்துமாலை நாலாம் தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தான். அவன் பிணத்தைத் தூக்கிய பிறகு, தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்லியிருந்த அந்த வரியையே சிவசைலம் அழித்துவிட்டான்.

இன்று காலை முத்துமாலையின் மனைவி சுடலைவடிவு வந்து நின்றாள். “அண்ணாச்சி, அவரு குடிச்சிட்டு விழுந்தாருன்னு சொல்லுதாவ. அவரு குடிக்கவே மாட்டாரு. தண்ணி ஏறுதுன்னு இந்த மிசினு சொல்லிச்சா, இல்லையா?”

“ஒண்ணும் சொல்லலம்மா.”

ஈனத்தனம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

மணி இன்னும் அலறியது. பழக்கதோஷத்தில் கை நீண்டது. தன் பெயரைத் தட்டினான். பார்த்தாயிற்று. வரி பச்சையானது, மணி நின்றது.

அப்போதுதான் அந்த வரியில் இடத்தின் பெயர் மாறியது. நாலாம் தொட்டி இல்லை. கம்ப்யூட்டர் அறை.

கணுக்காலில் குளிர்ந்தது. குனிந்தான். காய்ந்த தரை. முழங்கால் குளிர்ந்தது. இடுப்பு. வரியை மறுபடி சிவப்பாக்கப் பார்த்தான். அதற்கு வழியே இல்லை. நெஞ்சு.

கத்த வாயைத் திறந்தான். சேற்று ருசி. தொண்டை நிறைந்தது.

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அம்மையப்பன் வந்து நின்றார். இன்றும் முதலாளி வருகிற நாள். அவர் அவனைப் பார்க்கவில்லை, திரையை மட்டும் பார்த்தார். முழுக்கப் பச்சை.

“சுத்தமா இருக்குவே,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சிவசைலத்தின் கால்கள் காய்ந்த தரையிலிருந்து மெல்ல எழும்பின.