தாத்தாவுக்குச் சிரிப்பு வரைந்த நாள்

திண்டிவனத்தில் தேவசகாயம் படம் எழுதும் கடைக்குள் நுழைந்ததும், பத்து வயது கிருஷ்ணவேணியின் முகம் சுருங்கிவிட்டது.

சட்டத்துக்குள் யாரோ ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார். கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டு, இறுக மூடிய வாய். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பிடித்துவிட்ட வாத்தியார் மாதிரி ஒரு பார்வை.

“யாருப்பா இது?” என்று கேட்டாள்.

“நல்லா கேட்ட போ! உங்க தாண்டவராயன் தாத்தாதாம்மா,” என்றார் தேவசகாயம்.

வேணியின் அப்பா பாண்டுரங்கன் படத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருகிற வெள்ளிக்கிழமை விழுப்புரத்து வீட்டில் முதல் திதி. அன்றைக்குச் சுவரில் மாட்டத்தான் இந்தப் படம். தாத்தா தம் ஆயுசில் ஒரே ஒரு போட்டோதான் எடுத்துக்கொண்டார். அப்பாவின் கல்யாணத்தில் எல்லோரும் கும்பலாக நின்று எடுத்தது. அதில் அவர் முகம் ஒரு மல்லாட்டைப் பருப்பளவுதான் இருக்கும். “யாரும் அசையக் கூடாது, மூச்சே விடக் கூடாது!” என்று போட்டோக்காரர் மிரட்ட, தாத்தா உண்மையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதைத்தான் தேவசகாயம் பெரிதாக வரைந்திருந்தார்.

“கோட்டு ஏது? தாத்தா கோட்டே போட மாட்டாரே!”

“அது நான் போட்டது. எல்லாருக்கும் போடுவேன். மரியாதையா இருக்கும்ல!”

“இருக்கட்டும் வேணி. எடுத்துக்கினு போவலாம், வண்டிக்கு நேரமாவுது,” என்றார் அப்பா. தாத்தா போனதிலிருந்து அப்பா இப்படித்தான். எதற்கும் ‘இருக்கட்டும்’. அவர் வாய்விட்டுச் சிரித்து வேணி பார்க்கவே இல்லை.

வீட்டில் தம்பிக்கு இரண்டு வயது. இந்த முறைக்கிற ஆள்தான் தாத்தா என்று அவன் காலம் முழுக்க நம்பிவிடுவானே!

“மாமா, எங்க தாத்தா எப்பவும் சிரிச்சுக்கினே இருப்பாரு. அந்த மாதிரி மாத்த முடியாதா?”

“பாக்காத சிரிப்பை எப்டிம்மா வரையறது? சிரிப்பு ஆளுக்கு ஒரு தினுசு. அவரு மாதிரியே சிரிக்கிற ஆளு இருந்தா காட்டு, வரையறேன்.”

வேணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் சிரிப்பு அப்படியே தாத்தாவின் சிரிப்பு என்று ஊரே சொல்லும்.

“அப்பா, கொஞ்சம் சிரிங்கப்பா.”

மகள் கேட்கிறாளே என்று அப்பா முயன்று பார்த்தார். பல்வலி வந்தவர் மாதிரி இருந்தது.

“இது ஆவறதில்ல,” என்றார் தேவசகாயம்.

வேணி யோசித்தாள். அப்பாவுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது ஒரு சங்கதியைத் தப்பாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

“மாமா, எங்க தாத்தா கல்யாணக் கதை தெரியுமா? அவரு திருவெண்ணெய்நல்லூர்ல கரும்பு வண்டி ஓட்டிக்கினு இருந்தாரு. கல்யாணத்தன்னிக்கு குதிரை வண்டியில...”

“குதிரை ஏது? மாட்டு வண்டி,” என்றார் அப்பா.

“ஆமா, மாடு மிரண்டு ஓடிப்போச்சு.”

“மிரளவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளை வண்டியிலயே தூங்கிட்டாரு. மாடு பழக்க தோஷத்துல நேரா வெல்லம் காய்ச்சுற ஆலைக்குப் போய் நின்னுச்சு. ஆலைக்காரங்க சும்மா வுடுவாங்களா? சுடச்சுட வெல்லத்தைக் குடுத்தாங்க. அந்தப் பிசுபிசுத்த கையோடதான் தாலி கட்டினாரு. எங்கம்மாவை நாள் பூரா ஈ மொய்ச்சுதாம்!”

அப்பாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. தேவசகாயம் சத்தம் போடாமல் ஒரு புதுத் தாளை எடுத்தார்.

ஒரு கதை இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று தாத்தா விழுப்புரத்துக்குக் குடிவந்த கதை. காய்ச்சலில் கிடந்த மகள் அஞ்சம்மாளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வழியெல்லாம் கழுதை மாதிரி கத்திச் சிரிக்கவைத்த கதை. அறுபது வயதில் சைக்கிள் பழகி, நிறுத்தத் தெரியாமல் திருவாமாத்தூர்க் கோயில்வரை போய், வந்ததுதான் வந்தோம் என்று சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிய கதை. ஒவ்வொன்றையும் வேணி தப்பாக ஆரம்பித்தாள். அப்பா திருத்தி முடித்தார்.

“பொம்மையார்பாளையம் போனோமே, அங்க தாத்தாவோட துண்டை அலை அடிச்சுக்கினு போச்சு, இல்லப்பா?”

“துண்டா? வேட்டிம்மா!” அப்பாவின் குரல் உடைந்தது. “கழுத்தளவு தண்ணியில ஒக்காந்துக்கினு, ‘நீங்கள்லாம் போங்கடா, தண்ணி சில்லுன்னு இருக்குது, நான் பொறுமையா வர்றேன்’னாரே! கடைசியில நான்தான் என் துண்டை...”

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. கண் இடுங்கியது. தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் ஆரம்பித்த சிரிப்பு, கடை அதிர வெடித்தது.

“அசையாதீங்க!” என்று கத்தினார் தேவசகாயம். “இல்ல, இல்ல! நல்லா அசைங்க!” கரிக்கோல் தாளில் பறந்தது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த கண்ணீர் மட்டும் இல்லை அது. வேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோட்டு வேணாம் மாமா. துண்டு போடுங்க,” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அஞ்சம்மாள் அத்தை மயிலத்திலிருந்து வந்தார். “என்னைப் பெத்த அப்பா...” என்று வாசலிலேயே அழுகையைத் தொடங்கியவர், சுவரைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

தோளில் துண்டோடு தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார்.

“எந்தக் கூத்தைப் பாத்துடா எங்கப்பன் இப்டி சிரிக்கறாரு?”

“அது வந்துக்கா... பொம்மையார்பாளையத்துல...” அப்பா ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. கண் இடுங்கியது, தோள் குலுங்கியது.

அத்தை படத்தைப் பார்த்தார், தம்பி பாண்டுரங்கனைப் பார்த்தார். தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அப்பாவே எதுர்ல வந்து நிக்கிற மாதிரி இருக்குதுடா!”

உள்ளே படையல் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அத்தை பையைக் கீழே போட்டுவிட்டு, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

“மொதல்லேர்ந்து சொல்லுடா,” என்றார்.