சாலைமண்டபத்தில் முதல் பாடம்

வௌவால் இல்லாத பாழ்மண்டபத்தைத் தேவநாதன் அதுவரை கண்டதில்லை. தலைமுறை தலைமுறையாக மனிதக் கால் படாத இடம் என்று ஊரே சத்தியம் செய்கிற சாலைமண்டபத்தில் எச்சம் இல்லை, ஒட்டடை இல்லை, காய்ந்த சருகு ஒன்றுகூட இல்லை. காலை வெயில் உள்ளே எட்டவே இல்லை. ஆனாலும் உள்ளே கருங்கல் தரை வெறுங்காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது, சற்றுமுன்தான் யாரோ உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி.

“இன்னா வாத்தியாரே, உள்ள போனதும் தரையப் பாத்துக்கினு நின்னுட்ட?” என்று வெளியே படிக்குக் கீழிருந்து பச்சையப்பன் கிசுகிசுத்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது. அவர் தலையாட்டினால்தான் மற்றவர்கள் பிள்ளைகளை அனுப்புவார்கள்.

“யாரோ நல்லா பெருக்கி வச்சிருக்காங்க.”

“மெதுவாப் பேசுப்பா! உள்ள வாயத் தொறக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? சாவு மேளக்காரனே இந்த எடத்துக்கு வந்தா நிறுத்திட்டு, தாண்டுனப்பறம்தான் அடிக்கிறான்.”

“வாயத் தொறக்காத வாத்தியாரு எந்த ஊர்ல இருக்கான்? நீங்க கரை மேல போயி ஒக்காருங்க. நாலு மணிக்குப் பேர் பதியிற கணக்கர் வந்ததும் புள்ளைங்களக் கூட்டிக்கினு வாங்க.”

பச்சையப்பன் ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். அவரே வைத்த பந்தயம்தான் இது. வாத்தியார் ஒரு பகல் முழுக்க உள்ளே உட்கார்ந்து முழுசாக வெளியே வந்தால் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று ஊர் சொல்லியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பலகையும் வாத்தியார் சம்பளமும் தர, பிரெஞ்சு ஆட்சியில் வட்டாரத் தலைவரான பாகூர் கொம்யூன் மேர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் இன்று மாலைக்குள் பதினைந்து பிள்ளைகளின் பெயர் பதிய வேண்டும், கூரையுள்ள இடமும் காட்ட வேண்டும்; இப்போது பாடம் நடக்கும் மாட்டுக்கொட்டகை ஆகாதாம், மிச்சம் இந்த மண்டபம்தான். இல்லாவிட்டால் பள்ளி கிருமாம்பாக்கத்துக்குப் போய்விடும். நடுவில் இரண்டு வாய்க்கால், மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். எந்த வீட்டிலும் பெண்பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். எட்டு வயது அமுதத்தின் படிப்பு அத்தோடு சரி. பெற்ற மகளைப் பள்ளிக்கூடம் காணாமல் களை பறிக்க விடுவதற்கா அவன் கடலூர்வரை நடந்து படித்தான்?

ஏதோ ஒரு ராஜா காலத்துக் கல்விச்சாலை இது. தூரதேசத்துப் பிள்ளைகள் வந்து தங்கி வேதமும் இலக்கணமும் படித்தார்களாம். அவர்கள் சாப்பாட்டுக்கு நான்கு ஊர் நிலத்தை எழுதிவைத்திருந்தார்களாம். அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர்கள் தேவநாதனின் முன்னோர்கள். நெல் மூட்டையைப் படிக்குக் கீழே இறக்கிவைத்துவிட்டுத் திரும்ப வேண்டும், படி ஏறக்கூடாது. ஏறக்கூடாது என்று சொன்னவர்கள் மண்ணாகி எத்தனையோ நூறு வருஷம் ஆயிற்று. இன்னும் ஊர் பயந்து சாகிறது!

அவன் நடந்து பார்த்தான். பதினாறு தூண்கள். தூண்களுக்கு நடுவே தரையில் வரிசை வரிசையாகக் குழிகள். சம்மணம் போட்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்த உடம்புகள் கல்லைத் தேய்த்து உண்டாக்கிய வழவழப்பான பள்ளங்கள். எல்லாம் கிழக்குப் பார்த்து இருந்தன. பெரிய பள்ளங்களும் உண்டு. சின்னப் பிள்ளைகள் உட்காரும் அளவில் சிலதும் உண்டு. கிழக்குச் சுவரோரம் ஒரு கல்மேடை இருந்தது. அதில் மட்டும் தேய்மானமே இல்லை. வாத்தியார் மேடை, வேறென்ன என்று அவன் அதன்மேல் ஏறி உட்கார்ந்தான்.

உச்சிவேளை நெருங்க நெருங்கக் கரைமேல் கூடியிருந்த ஊர்க்காரர்களின் சத்தம் தேய்ந்தது. தவளையும் கொக்கும் அடங்கின. அப்போதுதான் உள்ளே ஒரு முணுமுணுப்பு இருப்பது காதில் விழுந்தது. தேனீக்கள் என்று முதலில் நினைத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தான், அடை எதுவும் இல்லை. ஆமணக்கெண்ணெய் விளக்கின் புகை வாசனை எங்கிருந்தோ வந்தது. பச்சைப் பனையோலை வாசனை அதன்மேல் கலந்தது. அப்புறம் ஈரத்தலை வாசனை. விடியற்காலையில் குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்த பல பேரின் ஈரத்தலை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கேதான் இருட்டே இல்லையே! பட்டப்பகல். தூண்களின் நிழல்தான் சரியில்லை. உச்சிவெயிலில் சுருங்க வேண்டிய நிழல் சுருங்காமல் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு துண்டாகத் தேங்கி நின்றது.

அவனுக்கு வியர்த்தது. பயம்தான், சந்தேகமில்லை. எழுந்து ஓடினால் நாலே எட்டில் படி வந்துவிடும். ஓடினால் அமுதம் என்ன நினைப்பாள்? ஓட மாட்டேன் என்று பல்லைக் கடித்தான். பயத்தை விரட்ட அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நெஞ்சை நிமிர்த்தி, மாட்டுக்கொட்டகையில் தினமும் நடத்துகிற பாடத்தை உரக்கச் சொன்னான்.

“ஓரிரண்டு இரண்டு!”

சொல்லிவிட்டு நிறுத்தினான். வாத்தியார் ஒரு தரம் சொன்னால் பிள்ளைகள் இரண்டு தரம் சொல்ல வேண்டும். அதற்கு இடம் விட்டு நிறுத்துவது பல வருஷப் பழக்கம். ஆள் இல்லாத இடத்திலும் நாக்கு தானாக நின்றது.

ஓரிரண்டு இரண்டு. ஓரிரண்டு இரண்டு.

எதிரொலி. கல்மண்டபம் என்றால் எதிரொலிக்கத்தானே செய்யும்.

“ஈரிரண்டு நான்கு!”

ஈரிரண்டு நான்கு. ஈரிரண்டு நான்கு. இரண்டாவது தரம் சொல்லும்போது நடுவரிசையில் யாரோ இருமினார்கள்.

அவனுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. எதிரொலி இருமுமா? ஆனால் பயத்துக்கு அடியிலிருந்து கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

“எங்க ஏர்ல வெளைஞ்ச நெல்லத் தின்னுட்டு எங்களயே படிக்குக் கீழ நிக்க வச்சீங்க இல்ல? இப்ப ஏர் புடிச்சவன் பேரன் மேடைல ஒக்காந்திருக்கேன். நான் சொல்றத நீங்க சொல்லுங்கடா! மூவிரண்டு ஆறு!”

சொன்னார்கள். இரண்டு இரண்டு தரமாக, பணிவாக, தவறில்லாமல் சொன்னார்கள். இரண்டாம் வாய்பாடு முடிந்தது. ஐந்தாம் வாய்பாடு முடிந்தது. அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒன்பதாம் வாய்பாட்டுக்குள் தொண்டை வறண்டுவிட்டது.

“போதும்” என்றான்.

போதும். போதும்.

பிறகு அவனுடைய குரல், “ஓரிரண்டு இரண்டு” என்றது.

அவன் சொல்லவில்லை. குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பின்னால் சுவர்தான் இருக்க வேண்டும். அவன் குனிந்து பார்த்தான். மேடையில் அவன் இல்லை. முன்வரிசைப் பள்ளம் ஒன்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், மேடைக்கு முதுகு காட்டி, அவன் மட்டும் படியைப் பார்த்து. எப்போது இறங்கினான்? பள்ளம் அவன் அளவுக்குச் சரியாக இருந்தது. தொடை அசையவில்லை.

அவன் வாய் திறந்தது. ஓரிரண்டு இரண்டு. ஓரிரண்டு இரண்டு.

மூட முயன்றான். முடியவில்லை. குரல் ஒரு தரம், அவன் இரண்டு தரம். வெயில் மேற்கே சாய்ந்தது. குரல் ஒரு தரம். அவன் இரண்டு தரம்.

வெளியே பச்சையப்பனின் குரல் கேட்டது. இப்போது அவர் கிசுகிசுக்கவில்லை, கரையே அதிரச் சிரித்தார். “கேட்டீங்களாடா! மத்தியானத்துலேர்ந்து அந்த மனுசன் வாய்பாடு சொல்றது நிக்கவே இல்ல! பேயாவது பிசாசாவது! அமுதம், நீ முன்னால போ கண்ணு. உங்கப்பன் கெலிச்சிட்டான்!”

அவனுடைய குரல் மட்டும்தான் வெளியே கேட்டிருக்கிறது. அது புரிந்தபோது அவன் உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. பிள்ளைகள் வரிசையாகப் படிப் பக்கம் வந்தார்கள், தலைசீவி, பொட்டு வைத்து, பலகை பிடித்து. முதலில் அமுதம்.

பின்னாலிருந்து அவன் குரல் அன்பாகச் சொன்னது: “உள்ளே வா.”

அவன் வாய் திறக்கத் தொடங்கியது. மாட்டேன். நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது. இன்னும் கடித்தான். சத்தம் வரவில்லை. மண்டபம் காத்திருந்தது. எல்லாப் பள்ளங்களிலிருந்தும் தலைகள் அவன் பக்கம் திரும்புவது அவனுக்குத் தெரிந்தது. பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன்.

“தோ வந்துட்டேன்பா” என்றபடி அமுதம் படியில் கால் வைத்தாள்.

இருந்த உயிரையெல்லாம் திரட்டினான். கிழிந்த நாக்கிலிருந்து, அவனுக்கே சொந்தமான ஒரே ஒரு சொல்.

“போ!”

வந்துவிட்டது! அவன் சொன்னது, அவனே சொன்னது! மண்டபம் அவன் சொல்லுக்கு இணங்கியது, அவனைச் சுற்றிலும் பணிவான குரல்கள் போ, போ என்றன. அமுதம் நின்றாள். பின்னால் வந்த பிள்ளைகளும் நின்றார்கள். திரும்பு கண்ணு. ஓடு.

அமுதம் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகட்டி நிமிர்ந்தாள். பின்னால் பதினான்கு பேரும் கைகட்டினார்கள். பள்ளியில் முதல் நாள். ஒருவரும் தப்புச் செய்யக்கூடாது.

“போ, போ” என்றார்கள் பதினைந்து பேரும், கணீரென்று, இரண்டு தரம்.

சொல்லிவிட்டுப் பாடத்தின் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அமுதத்தின் கண்கள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலாக, மேடையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக்கொண்டே மரியாதையாக அடுத்த படி ஏறினாள்.